இரண்டாம் வகுப்பில் நீள அளவை: சாணில் தொடங்குவதா, ஸ்கேலில் தொடங்குவதா?

நாகை ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒன்றாக வைத்துக் கற்பிக்கிறேன். நீள அளவைப் பாடம் முடிந்த பிறகு, பிள்ளைகளுக்கு அது உண்மையில் விளங்கியிருக்கிறதா என்று பார்க்க, பென்சிலின் அடிப்பகுதி ஸ்கேலின் 3க்கு நேராகவும் கூர்முனை 9க்கு நேராகவும் வருமாறு வைத்து, "இதன் நீளம் எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் 9 என்றார்கள். சிலர் 3இல் விரலை வைத்து "ஒன்று" என்று எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே போய் 7 என்றார்கள். 6 என்று சொன்னவர்கள் மிகச் சிலர். இதே பிள்ளைகளிடம் பென்சிலைப் பூச்சியத்தில் வைத்துக் கொடுத்தால் ஒருவரும் பிசகுவதில்லை. தேர்விலும் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

நம் பாடநூல்கள் சாண், முழம், காலடி என்று தொடங்கி, பிறகுதான் சென்டிமீட்டருக்கும் மீட்டருக்கும் வருகின்றன. அந்த வரிசையை நான் வழுவாமல் பின்பற்றினேன். ஆனால் சாணில் செலவான வகுப்புகளுக்கும் ஸ்கேலைப் படிப்பதற்கும் இடையில் எந்தத் தொடர்பும் பிள்ளைகளின் மனத்தில் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. சாணை விட்டுவிட்டு நேரடியாக ஸ்கேலுக்குப் போவது நல்லதா, அல்லது இடையில் நாம் ஒரு படியைத் தவறவிடுகிறோமா? எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) பயிற்சிகளில் இதுபற்றி விரிவாகப் பேச நேரம் கிடைக்காததால் இங்கே கேட்கிறேன்.

மதுரைப் பயிற்றுநர்

வணக்கம் அம்மா. உங்கள் வகுப்பில் வந்த 9, 7 ஆகிய இரு விடைகளையும் தவறு என்று ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. 9 என்று சொல்லும் பிள்ளைக்கு ஸ்கேல் என்பது முனைக்கு நேரே உள்ள எண்ணைப் படித்துச் சொல்லும் ஒரு கருவி. அளப்பதில் எதையாவது எண்ணுகிறோம் என்ற நினைப்பே அதற்கு இல்லை. 7 என்று சொல்லும் பிள்ளைக்கு எண்ண வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. எதை எண்ணுவது என்பதில்தான் அது இடறுகிறது: கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியை எண்ணாமல் கோடுகளை எண்ணிவிடுகிறது. இரண்டாவது பிள்ளை சரியான விடைக்கு ஓரடி தூரத்தில்தான் நிற்கிறது; முதல் பிள்ளை இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது. மதிப்பெண் போடும்போது இருவருக்கும் பூச்சியம் என்பதால் இந்த வேறுபாடு நம் கண்ணில் படுவதே இல்லை.

இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் தேசியக் கல்வி மதிப்பீட்டில், நான்காம் வகுப்பு மாணவர்களிடம், 8 அங்குலக் குறியில் தொடங்கி 10½ அங்குலக் குறியில் முடியும் பல்குச்சியின் படத்தைக் காட்டி நீளம் கேட்டார்கள். 2½ என்று சரியாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒரு பங்கினர்தாம். 10½ என்ற விடையும் 3½ என்ற விடையும் பரவலாக வந்தன. 3½ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 8, 9, 10 ஆகிய மூன்று எண்களையும் எண்ணி, மீதியுள்ள அரையைச் சேர்த்திருக்கிறார்கள். உங்கள் 7தான் அங்கே 3½ ஆகியிருக்கிறது.

சாணா ஸ்கேலா என்ற கேள்விக்கு முன்பே ஒன்று இருக்கிறது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் ழான் பியாஜே தம் உடன் ஆய்வாளர்களான இன்ஹெல்டர், ஷெமின்ஸ்கா ஆகியோருடன் 1940களில் வெளியிட்ட ஆய்வை நம்மில் பலர் ஆசிரியர் பட்டயப் படிப்பில் ஒரு பத்தியாகப் படித்துக் கடந்திருப்போம். சம நீளமுள்ள இரண்டு குச்சிகளை முனைகள் ஒத்திருக்குமாறு வைத்துச் சமம் என்று குழந்தையை ஒப்புக்கொள்ளச் செய்த பிறகு, ஒன்றை மட்டும் சற்றே முன்னால் தள்ளினால், சிறு குழந்தைகளில் பலர் தள்ளிய குச்சியே நீளம் என்பார்கள். முன்னால் நீண்டிருக்கும் முனையை மட்டும் பார்க்கிறார்கள்; பின்னால் விடுபட்ட இடம் அவர்களுக்குத் தெரிவதில்லை. பென்சிலின் கூர்முனையை மட்டும் பார்த்து 9 என்று சொல்லும் பிள்ளையும் இதையேதான் செய்கிறது. எனவே ஒரு முனையை ஒழுங்காகச் சேர்த்து வைத்து ஒப்பிடுவது, இரண்டு முனைகளையும் பார்த்துப் பேசுவது ஆகியவற்றுக்கு முதல் வகுப்பில் தாராளமாக நேரம் கொடுக்க வேண்டும். "எது நீளம்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னாய்? மறுபக்கம் என்ன ஆயிற்று?" என்றும் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் தாங்களே குச்சியை நகர்த்திச் சேர்த்து வைப்பார்கள்.

கோவையில் ஒரு தாய்

நான் ஆசிரியர் இல்லை, மன்னிக்கவும். என் மகனுக்கு ஐந்து வயது. வளைந்து நெளிந்து கிடக்கும் நீளமான கயிற்றைவிட, அதன் பக்கத்தில் நேராகக் கிடக்கும் சிறிய கயிறே நீளம் என்று பிடிவாதமாகச் சொல்கிறான். வீட்டில் உட்கார வைத்துத் திருத்த வேண்டுமா, அல்லது வயது வரும்போது தானாக வந்துவிடுமா?

மதுரைப் பயிற்றுநர்

சொல்லித் திருத்த முயல வேண்டாம் சகோதரி. நீங்கள் சொன்னதற்காக ஒப்புக்கொள்வானே தவிர நம்ப மாட்டான். இரண்டு கயிறுகளின் மீதும் ஒரு பொம்மைக் காரை ஓட்டச் சொல்லி, எதில் அதிக தூரம் ஓடியது என்று கேளுங்கள். பிறகு வளைந்த கயிற்றை அவன் கையாலேயே இழுத்து நிமிர்த்தட்டும்.

வயது வரட்டும் என்று முழுக்கக் காத்திருக்கவும் தேவையில்லை. சிவப்புக் குச்சி நீலத்தைவிட நீளம், நீலம் பச்சையைவிட நீளம் என்றால் சிவப்பு பச்சையைவிட நீளம் என்று ஊகிக்க ஏழு வயதுக்கு முன் இயலாது என்று பியாஜேயின் வழியில் நெடுங்காலம் நம்பினார்கள். 1971இல் பிரையன்ட், டிராபாசோ என்ற இருவர், ஒப்பிட்ட இணைகளை நினைவில் வைத்துக்கொள்ளப் போதிய பயிற்சி கொடுத்தால் நான்கு வயதுக் குழந்தைகளும் அந்த ஊகத்தைச் சரியாகச் செய்கிறார்கள் என்று காட்டினார்கள். நினைவு பிசகுவதைப் பல வேளைகளில் நாம் அறிவு வளரவில்லை என்று எண்ணிவிடுகிறோம். வீட்டில் மேசையை அடுத்த அறைக்கு மாற்றும்போது, அது வாசலுக்குள் நுழையுமா என்று ஒரு நூலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது.

சேலம் பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)

நான் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் கணிதம் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்னும் ஸ்கேலின் 1இலிருந்து கோடு போடுகிறார்கள் என்பதால், கீழ் வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. இழையைத் தொடங்கிய ஆசிரியையின் ஐயம் நியாயமானது என்றே கருதுகிறேன். சாண் பாடத்தைப் பாடநூலில் ஒரு சடங்காகவே வைத்திருக்கிறோம்.

அந்தப் பாடத்தின் நோக்கம் என்ன? ஆளுக்கு ஆள் சாண் மாறுவதால் எல்லோருக்கும் பொதுவான அலகு தேவை என்பதைக் குழந்தை உணர வேண்டும் என்கிறார்கள். ஆனால் மேசை உனக்கு ஏழு சாண், எனக்கு எட்டுச் சாண் என்று வரும்போது, அந்த வேறுபாட்டுக்கு அலகின் அளவே காரணம் என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், அலகு என்றால் என்ன என்பது குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத குழந்தைக்கு அது "அவனுக்கு எட்டு, எனக்கு ஏழு, அவன் ஜெயித்துவிட்டான்" என்பதோடு முடிந்துவிடுகிறது. முடிவில் வர வேண்டிய பாடத்தை முதலில் வைத்திருக்கிறோம்.

மேலும், குழந்தைகள் ஸ்கேலைக் கண்டு மிரள்வார்கள் என்பதும் உறுதியான செய்தி இல்லை. டெரசீனியா நூனஸ் தம் குழுவினருடன் 1993இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஆறு முதல் எட்டு வயதுள்ள குழந்தைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்க இயலாதவாறு தொலைபேசியில் மட்டும் பேசவைத்து, தங்கள் தாள்களில் உள்ள கோடுகள் சமமா, இல்லையென்றால் யாருடையது நீளம் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். சிலருக்கு நூலும் சிலருக்கு ஸ்கேலும் சிலருக்கு முனை முறிந்த ஸ்கேலும் கொடுத்தார்கள். நூல் வைத்திருந்தவர்களைவிட ஸ்கேல் வைத்திருந்தவர்கள் தெளிவாகச் செய்தார்கள். முறிந்த ஸ்கேலை வைத்துக்கொண்டும் பலர் சமாளித்தார்கள். எண்கள் எழுதிய ஒரு கருவி கையில் இருப்பது குழந்தையின் சிந்தனைக்குத் துணை செய்கிறது என்பதே இதன் பொருள். வீட்டில் அண்ணனின் ஜியோமெட்ரி பாக்ஸிலும், அம்மாவின் தையல் இயந்திரத்தின் மீதும், கொத்தனாரின் பையிலும் பார்த்த பொருளைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை மறைத்து வைப்பானேன்?

நாகை ஆசிரியை

ஐயா சொல்லும் "ஜெயித்துவிட்டான்" என்பதை என் வகுப்பில் அப்படியே பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பெஞ்சைச் சாணால் அளந்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் அகல விரித்து முதல் சாணை ஒழுங்காக வைத்தான். அடுத்த சாணுக்குக் கையைத் தூக்கும்போது, சுண்டுவிரல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைக்காமல், உள்ளங்கை கிடந்த இடத்திலேயே வைத்தான். போகப் போக விரல்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. பதினொன்று என்று அறிவித்தான். மறுமுறை அளந்தபோது ஒன்பது வந்தது. எது சரி என்று கேட்டதற்குச் சற்றும் தயங்காமல் பதினொன்று என்றான். பெரிய எண் என்பது தவிர வேறு காரணம் அவனுக்குத் தேவைப்படவில்லை. ஒரே பெஞ்சுக்கு ஒரே கையால் இரண்டு விடை வந்ததில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

ஆகவே சாணில் இரண்டு தொல்லைகள் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். இடைவெளி விடாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடுத்தடுத்து வைக்க வேண்டும் என்பது ஒன்று. வைக்கின்ற பொருளே வைக்கும்போதெல்லாம் அளவு மாறுகிறது என்பது மற்றொன்று. சிறு பிள்ளையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கச் சொல்கிறோம். அதே சமயம் ஸ்கேலைக் கொடுத்தால் இவை இரண்டும் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடுகின்றன. யாரோ ஏற்கெனவே வைத்து, எண்ணி, எழுதிவிட்டார்கள். பிள்ளைக்கு மிஞ்சுவது படிக்கும் வேலை மட்டும்தான்.

வடமராட்சி ஆசிரியை

இந்த உரையாடலை யாழ்ப்பாணத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் தரம் இரண்டு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். நாகை ஆசிரியை குறிப்பிட்ட இரண்டு தொல்லைகளையும் பிரித்துக் கையாள்வதற்கு நாங்கள் செய்யும் வழியைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படக்கூடும்.

முதலில் ஈர்க்குத் துண்டுகள். தென்னோலை ஈர்க்கை ஒரே அளவாக நறுக்கி ஒவ்வொரு குழுவுக்கும் தேவையான அளவு கொடுத்துவிடுவோம். ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப எடுத்து வைப்பதை இந்தக் கட்டத்தில் கேட்பதில்லை. கொப்பியின் (நோட்டின்) ஓரத்தில் முனைக்கு முனை தொட்டுக்கொண்டு துண்டுகளை அடுக்கி எண்ணினால் போதும். எல்லாத் துண்டும் கண் முன்னே கிடப்பதால், எங்கே இடைவெளி விழுந்தது, எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறியது என்பதை அடுத்த பிள்ளையே பிடித்துவிடும். அதன் பிறகுதான் துண்டுகளைக் குறைத்து, இரண்டு துண்டுகளை மாற்றி மாற்றி வைத்து அளக்கும்படி விடுவோம். அதுவும் பழகியபின் ஒரே துண்டு. துண்டின் முனையில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கோடு அடிமட்டத்தில் (நீங்கள் சொல்லும் ஸ்கேலில்) இருக்கும் கோட்டின் பிறப்பு என்று நான் எண்ணிக்கொள்வேன்.

அடுத்து, பிள்ளைகள் தங்கள் சொந்த அடிமட்டத்தைச் செய்கிறார்கள். மட்டைக் கீலம் (நீண்ட அட்டைத் துண்டு) ஒன்றில், சிவப்பும் மஞ்சளுமாக ஒரே நீளமுள்ள காகிதத் துண்டுகளை மாறி மாறி ஒட்டுவார்கள். நிறம் மாறுவதால் எண்ண வேண்டியது நிறத்துண்டு என்பது தெளிவாகிறது. கோட்டை எண்ணும் பழக்கம் இங்கே தலைகாட்டுவது குறைவு. எண்களை எங்கே எழுதுவது என்பதுதான் இதில் முக்கியமான இடம். முதலில் ஒவ்வொரு நிறத்துண்டின் நடுவிலும் 1, 2, 3 என்று எழுதவிடுவோம். இது முதலாவது துண்டு, இது இரண்டாவது துண்டு என்ற பொருளில் அந்த எண்கள் நிற்கும். சில பாடங்கள் கழிந்து, "எண்ணைத் துண்டு முடிகிற இடத்துக்கு நகர்த்தினால் வாசிப்பது சுலபமாகுமா?" என்று கேட்டு, எண்களைத் துண்டின் முடிவுக்கு மாற்றுவோம். அப்போது ஏதாவது ஒரு பிள்ளை, தொடக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்கும். இன்னும் ஒரு துண்டும் முடியவில்லை, ஆகவே பூச்சியம். பூச்சியம் எதற்காக அங்கே இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு கடையில் வாங்கிய அடிமட்டத்தைக் கையில் கொடுத்தால், அதைத் தாங்கள் செய்ததன் உறவுக்காரனாகப் பார்க்கிறார்கள். 3 தொடக்கம் 9 வரை வைத்துக் கேட்டாலும் இடையில் உள்ள துண்டுகளை எண்ணத்தான் பார்ப்பார்கள்.

சேலம் பட்டதாரி ஆசிரியர் (கணிதம்)

அம்மா, எண்ணை நடுவிலிருந்து முடிவுக்கு நகர்த்தும் உத்தியை நான் எங்கும் கண்டதில்லை, மிக நல்லது. ஆனால் இது என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கும் சாணைப் பயன்படுத்தவில்லை. ஈர்க்குத் துண்டு சென்டிமீட்டர் இல்லைதான். ஆனால் அது மாறாத அளவுள்ளது, அடுக்கிப் பார்க்கத் தக்கது, யார் வைத்தாலும் ஒன்றுதான். திட்டமில்லாத அலகு (எல்லோருக்கும் பொதுவாக வரையறுக்கப்படாத அலகு) என்ற ஒரே தலைப்பின்கீழ் சாணையும் தீக்குச்சியையும் பாடநூல்கள் சேர்த்து வைத்திருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். கற்பவரின் நோக்கில் தீக்குச்சி ஸ்கேலுக்கு நெருங்கியது; சாண் அப்படிப்பட்டதில்லை.

சோவியத் நாட்டில் வசீலி தவீதவ் 1960கள் முதல் உருவாக்கிய தொடக்கக் கணிதத் திட்டம் எண்ணிலேயே தொடங்காது. குழந்தைகள் முதலில் நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை எண் இல்லாமல் ஒப்பிடுவார்கள். நேரடியாக ஒப்பிட இயலாத நிலையில் ஓர் அலகை எடுத்து, அது எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்கும்போதுதான் எண்ணே அறிமுகமாகும். அளவை என்பது எண் தெரிந்தபின் செய்யும் ஒரு பயிற்சி என்று நாம் வைத்திருக்கும் வரிசைக்கு இது நேர் எதிரானது. நம் பள்ளிகளுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "எத்தனை முறை அடங்குகிறது" என்ற கேள்வியை நாம் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதை அது நினைவூட்டுகிறது.

ஈரோடு தையற்கடை

ஆசிரியர்கள் நடுவே ஒரு தையற்காரன் பேசலாமா என்று தெரியவில்லை. இருந்தாலும் நாள் முழுதும் அளப்பதே என் தொழில் என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகள் பூச்சியத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் கருவிகளே என்பதை யாரும் குறிப்பிடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூச்சியக் கோடு விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும். எங்கள் இஞ்ச் டேப்பில் தகரப் பூணின் விளிம்பே பூச்சியம். கோடும் இருக்காது, எண்ணும் இருக்காது. தச்சர்களின் இரும்பு டேப்பிலோ முனையில் ஒரு கொக்கி இருக்கும். அது லேசாக ஆடும். டேப் பழுதாகிவிட்டது என்று அதை அடித்து இறுக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் கொக்கியின் தகட்டுக் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போதும், சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும் கணக்குச் சரியாக வர வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் மூன்று கருவிகள், மூன்று விதமான தொடக்கம். குழந்தை எதை நம்பும்?

போதாக்குறைக்கு ஸ்கேலின் ஒரு விளிம்பில் சென்டிமீட்டர், மறு விளிம்பில் அங்குலம். பிள்ளைகளுக்கு வாங்கித் தரும்போது ஒரு பக்கம் மட்டும் எண்ணுள்ள ஸ்கேல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

என் பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நுனி தேய்ந்த பழைய டேப்பைத்தான் முதலில் கொடுப்பேன். 10இல் பிடித்து அளந்து பத்தைக் கழித்துச் சொல்ல வேண்டும். கழிக்க மறந்தால் சட்டைக் கை முழங்காலைத் தொடும் என்பதால், எவனும் இரண்டாம் முறை மறப்பதில்லை. ஆசிரியர் செய்த பென்சில் சோதனை எங்கள் தொழிலில் அன்றாட வேலை. முனை உடைந்த ஸ்கேல்களைத் தூக்கி எறியாமல் வகுப்பில் வைத்துக்கொண்டால் அதற்கெனத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மதுரைப் பயிற்றுநர்

தையற்கடை ஐயா இன்னும் அடிக்கடி இங்கே எழுத வேண்டும்.

சேலம் ஆசிரியரின் பிரிப்பை ஏற்கிறேன்: அலகு என்ற கருத்தை உருவாக்க மாறாத துண்டுகளே தக்கவை, சாண் அந்த வேலைக்கு உதவாது. ஆனால் சாணைப் பாடத்திலிருந்தே நீக்க வேண்டும் என்பதை ஏற்கவில்லை. அது செய்யும் வேலை வேறு. அதற்கான இடமும் வேறு. ஈர்க்குத் துண்டுகளால் அளக்கத் தெரிந்த பிறகு, ஒரே கரும்பலகையைச் சின்னத் துண்டாலும் பெரிய துண்டாலும் அளக்கச் சொல்லுங்கள். துண்டு பெரிதானால் எண் குறையும் என்பது பெரியவர்களுக்கு வெளிப்படை. ஏழு வயதுக்கு அது ஒரு திகைப்பு. பெரிய துண்டுக்குப் பெரிய எண் வரும் என்றே வகுப்பில் பலர் முன்கூட்டிச் சொல்வார்கள். அந்த ஊகத்தைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு அளந்து பாருங்கள். அதன் பிறகு ஆசிரியரின் சாணும் பிள்ளையின் சாணும் வந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் சொல்ல அவர்களிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். "எறும்பும் தன் கையால் எண்சாண்" என்பதை அந்த வகுப்பில் சொல்லிப் பாருங்கள். சிரித்துக்கொண்டே அலகைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பூக்காரரிடம் யார் கையால் முழம் போடுவது என்று பேரம் நடப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகள் அவர்கள்.

இன்னொரு பயனும் உண்டு. ஸ்கேல் கையில் இல்லாத இடத்தில் மதிப்பிட உடம்பு உதவும். தன் சாண் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்ட மூன்றாம் வகுப்புப் பிள்ளை, ஜன்னலின் அகலத்தை ஏறத்தாழச் சொல்லிவிடும். அதாவது சாண் ஸ்கேலுக்கு முன்னால் வருவதைவிடப் பின்னால் வருவதே பொருத்தம் என்று இப்போது நினைக்கிறேன்.

தஞ்சை வாசகர்

ஒரு சிறு குறிப்பு. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்தைப் "பதினாறு சாண் கோலால்" அளந்த செய்தி வருகிறது. சில கோயில்களில் அத்தகைய கோலின் நீளத்தைச் சுவரிலோ அதிட்டானத்திலோ (கட்டடத்தின் அடித்தளப் பகுதியிலோ) இரண்டு முனைக் குறிகளுடன் வெட்டியே வைத்திருக்கிறார்கள். சாண் என்று பெயர் இருந்தாலும், யார் கைச் சாண் என்ற வழக்குக்கு இடம் கொடாமல் கல்லில் நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட கோயில் பக்கத்தில் இருந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு நூலால் அந்தக் கோலின் நீளத்தை எடுத்து வந்து, பள்ளி முற்றத்தில் அளந்து பார்க்கச் செய்யலாம்.

நாகை ஆசிரியை

மிக்க நன்றி. எங்களூரில் தென்னைக்குப் பஞ்சமில்லை. ஈர்க்குத் துண்டுகளோடு தொடங்கிவிட்டேன். முதல் நாள் பாடத்திலேயே ஒரு சிக்கல் முளைத்தது. புத்தகத்தின் ஓரத்தில் ஆறு துண்டுகள் அடுக்கியபின் சிறிது இடம் மிஞ்சியது. ஏழாவது துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு குழு ஆறு என்றது, ஒரு குழு ஏழு என்றது, மூன்றாவது குழு ஏழாவது துண்டைப் பட்டென்று ஒடித்துச் சரியாகப் பொருத்திவிட்டு ஏழு என்றது. ஒடித்த துண்டையும் ஒன்று என்று எண்ணலாமா என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பின்னம் இன்னும் அவர்களுக்கு வரவில்லை. இதை எப்படிக் கையாள்வது?

வடமராட்சி ஆசிரியை

அந்தச் சண்டையை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்க வேண்டாம். ஆண்டுதோறும் என் வகுப்பிலும் அது வரும். ஒடித்த துண்டையும் ஓர் ஒடிக்காத துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லலாமா?" என்று மட்டும் கேளுங்கள். முனைகளைச் சேர்த்து வைத்து ஒப்பிட அவர்களுக்குத் தெரியும் என்பதால், சமமில்லாததை ஒன்று என்று எண்ணக் கூடாது என்ற முடிவுக்குத் தாங்களே வந்துவிடுவார்கள்.

விடையை எழுதும்போது, "ஆறுக்கு மேல், ஏழுக்குள்" என்று எழுதவிடுங்கள். தரம் இரண்டுக்கு அதுவே நேர்மையான விடை. கிட்டிய எண்ணுக்கு மாற்றச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் அதே அறையில் இருக்கிறார்கள் என்றீர்கள். அவர்களிடம் ஈர்க்குக்குப் பதிலாகக் காகிதக் கீலத்தைக் கொடுத்து, மிஞ்சிய இடத்துக்கு எதை வைப்பது என்று கேளுங்கள். கீலத்தை இரண்டாக மடிப்பார்கள். போதாதென்றால் மறுபடி மடிப்பார்கள். மடிப்புக் கோடுகள் சம தூரத்தில் விழுவதைக் கண்டபின், அடிமட்டத்தில் இரண்டு எண்களுக்கிடையே உள்ள சிறு கோடுகளைக் காட்டினால், அவை எதற்காக இருக்கின்றன என்று அவர்களே சொல்வார்கள். ஈர்க்கைத் தேர்வு செய்யும்போது நுனிப் பகுதியைத் தவிர்த்து நடுப்பகுதியிலிருந்து நறுக்குங்கள். நுனி காய்ந்தால் வளைந்துவிடும். வளைந்த துண்டு முனைக்கு முனை ஒட்டி நிற்காது.